கடவுச்சீட்டு கேட்பது சலுகை கேட்பதல்ல: வன்னியில் பத்திரம் சேர்ப்பவர்களுக்கு

இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம், தொழில் செய்யும் சுதந்திரம் எல்லாம் வரிசையாக வந்து முடியும் இடத்தில் இரண்டு சின்ன வரிகள் உண்டு. 14(1)(ஏ): இலங்கை எங்கும் நடமாடவும், விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் உண்டு. 14(1)(ஐ): இலங்கைக்குத் திரும்பி வர ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் உண்டு. வன்னியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரிகளின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. 'பாஸ்' என்ற பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத போர்க்காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

இளையவர்களுக்காக அதைச் சொல்லத்தான் வேண்டும். வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தால் ஒருநாள் பாஸ், ஒருகிழமைப் பாஸ், ஒருமாதப் பாஸ் என்று வகை வகையாக இருந்தது. பொறுப்பு நிற்க வவுனியாவில் ஒருவர் வேண்டும். மறுபக்கம், புலிகளின் பகுதியை விட்டு வெளியே போகவும் பாஸ் எடுக்க வேண்டும். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். புளியங்குளத்தில் ஒரு சோதனை, ஓமந்தையில் இன்னொரு சோதனை. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர், முகாமுக்கு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். அது அவருடைய நடமாட்டச் சுதந்திரத்தை மீறுவதாக 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பியபோதும், மறுநாளே இடைக்காலத் தடை கொடுத்தது அதே உயர் நீதிமன்றம்தான். ஆனால் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் முட்கம்பிக்குள் மாதக்கணக்காக இருந்த மக்களுக்கு அந்தத் தீர்ப்புகள் எவையும் நேரத்துக்கு உதவவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடி முற்றாக எடுக்கப்பட்டது 2015இல். உரிமை காகிதத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பதை வன்னி இப்படித்தான் படித்தது.

இன்று தடை முட்கம்பியாக வருவதில்லை. கிழிந்த பிறப்புச் சான்றிதழாக, ஓர் எழுத்து மாறிய அடையாள அட்டையாக, "நாளைக்கு வாங்கோ" என்ற வாய்ச்சொல்லாக வருகிறது. ஆகவே இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் பத்திரங்களைப் பற்றியும் திகதிகளைப் பற்றியும்தான்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாட்டுக்குள் நடமாடுவதும் நாட்டுக்குத் திரும்புவதும் எங்கள் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. நாட்டை விட்டு வெளியே போகும் உரிமை அப்படித் தனியாக எழுதப்படவில்லை. ஆனாலும் அது இல்லாத உரிமை அல்ல. இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, எவரும் எந்த நாட்டையும் விட்டு, தன் சொந்த நாட்டையும் விட்டு, வெளியேறலாம் என்கிறது. இந்தியாவில் 1967லும் பிறகு 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் வெளிநாட்டுப் பயணம் தனிமனித சுதந்திரத்தின் பகுதி, காரணம் சொல்லாமலும் விளக்கம் கேட்காமலும் கடவுச்சீட்டைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்துவன அல்ல, வாதத்துக்கு உதவும். இங்கே கையில் எடுக்கக்கூடிய வலுவான ஆயுதம் 12(1)ஆம் உறுப்புரை: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். இனம், மொழி, பிறந்த இடம் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்பது 12(2). ஒரே தகுதியுள்ள ஒருவருக்குக் கொடுத்த கடவுச்சீட்டை இன்னொருவருக்கு மறுத்தால் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது.

உரிமைக்கு வரம்பும் உண்டு. 15ஆம் உறுப்புரையின்படி தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், தேசியப் பொருளாதாரம் போன்ற காரணங்களுக்காக நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அவசரகால ஒழுங்குவிதிகளும் இதற்குள் அடங்கும், அதை மறந்துவிடக் கூடாது. அடங்காதது வாய்ச்சொல். "மேலிடத்து உத்தரவு" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யாருடைய கையொப்பம் என்று பணிவாகவும் விடாமலும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பிறப்புச் சான்றிதழில்தான் பாதிப்பேர் தடக்குப்படுகிறார்கள்

கடவுச்சீட்டு விண்ணப்பம் வன்னியில் தடக்குப்படுவது பெரும்பாலும் குடிவரவு குடியகல்வு அலுவலகத்தில் அல்ல. அதற்கு வெகு முன்னே, பிறப்புப் பதிவில். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இடப்பெயர்வு.

பிறப்பு பதியப்படுவது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவுப் பிரிவில், பெற்றோரின் ஊரில் அல்ல. முல்லைத்தீவுக் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்கும், இரண்டாவது, கிளிநொச்சி ஆஸ்பத்திரி 1996இல் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்த பிறகு அங்கே பிறந்திருக்கும், மூன்றாவது மல்லாவியில், கடைசிப் பிள்ளை மெனிக் பாமில் இருக்கும்போது செட்டிகுளத்திலோ வவுனியாவிலோ. நான்கு பிள்ளைகளுக்கும் சொந்த ஊர்ப் பிரதேச செயலகத்தில் தேடிவிட்டு "பதிவே இல்லையாம்" என்று சோர்ந்துபோகும் தாய்மார் பலர். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில், அந்த ஆஸ்பத்திரி அன்றைக்கு எந்த இடத்தில் இயங்கியது?

தேடுவதற்கு மூன்று விபரம் போதும்: பதிவு இலக்கம், பதிவுப் பிரிவு, பதிவுத் திகதி. சான்றிதழ் தொலைந்தாலும் இந்த மூன்றும் வேறெங்காவது எழுதப்பட்டிருக்கும். பாடசாலைச் சேர்வு இடாப்பைப் பாருங்கள். முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் காட்டியிருப்பீர்கள். பழைய கடவுச்சீட்டு விண்ணப்பம், அடையாள அட்டைக்குக் கொடுத்த போம், திருமணப் பதிவு, பிள்ளையின் கிளினிக் புத்தகம் எல்லாவற்றிலும் ஒரு தடயம் கிடைக்கலாம். ஊர்ப் பதிவேடு எரிந்துபோனது என்றாலும் கதை முடியவில்லை. பிறப்புப் பதிவு இரட்டைப் பிரதியாக எழுதப்படுகிறது. ஒரு பிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவண அறைக்குப் போகும். ஊரில் இல்லை என்றால் அங்கே தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். எவ்வளவு தேடியும் இல்லை என்றால், "தேடப்பட்டது, கிடைக்கவில்லை" என்பதை எழுத்தில் எடுங்கள். அந்தத் துண்டுதான் அடுத்த படிக்குச் சாவி.

அடுத்த படி காலங்கடந்த பிறப்புப் பதிவு. 2009 தை முதல் வைகாசி வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் பகுதிகளில் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு இதுதான் வழியாக இருந்தது. இதற்குப் பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், முன்பின் பிறந்த சகோதரங்களின் பிறப்புச் சான்றிதழ்கள், குடும்பநல மாதுவின் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, பாடசாலைப் பதிவு, கிராம அலுவலரின் அறிக்கை, சத்தியக்கடதாசி என்று கிடைக்கும் எல்லாச் சான்றையும் சேருங்கள். சகோதரங்களின் சான்றிதழ்கள் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். மூத்தவரின் பிறந்த திகதிக்கும் இளையவரின் பிறந்த திகதிக்கும் நடுவில் இந்தப் பிள்ளை பொருந்த வேண்டும்; ஆறு மாத இடைவெளி காட்டும் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கொண்டுபோவதற்கு முன் ஒரு கடதாசியில் பிள்ளைகள் எல்லோரின் திகதிகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

பதிவு எப்படியும் கிடைக்காத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. பதிவு இருக்கக்கூடியவர்கள் அதை நாட வேண்டாம். பிறகு உண்மைப் பதிவு கிடைத்தால் இரண்டு திகதிகளோடு மாட்டிக்கொள்வீர்கள்.

இங்கே லமினேற் செய்த சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. இடப்பெயர்வுக் காலத்தில் ஷொப்பிங் பையில் சுற்றி, பங்கருக்குள் வைத்து, தண்ணியில் நனைந்து காய்ந்த பத்திரங்களைக் காப்பாற்ற எங்கள் அம்மாக்கள் லமினேற் செய்தார்கள். நான்காக மடித்த கோடு பிளாஸ்ரிக்குக்குள் அப்படியே தெரியும். பதிவாளரின் முத்திரை மடிப்பிலே தேய்ந்து பாதி வட்டமாக நிற்கும். அந்தப் பத்திரத்தின் பெறுமதி வேறு. அலுவலகத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள், உரிக்கவும் முயலாதீர்கள். மை பிளாஸ்ரிக்கோடு வந்துவிடும். அதிலிருக்கும் இலக்கத்தை எடுத்துப் பிரதேச செயலகத்தில் புதிய உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். ஒன்று எடுக்கப் போனால் மூன்றாக எடுங்கள்.

புலிகளின் நிர்வாகம் இருந்த காலத்தில் அவர்களுடைய நீதிமன்றம் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்பையோ வேறு பத்திரத்தையோ அரச திணைக்களங்கள் ஏற்பதில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி மறுமணம் செய்தவர்கள், கடவுச்சீட்டில் பெயர் மாற்றப் போகுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் பேசுவது அவசியம்.

இராமேஸ்வரம் போய் வந்தவர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்களும்

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து பெற்றோரோடு மன்னாருக்கும் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிய பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். இவர்களிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு நேரே அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ போனால் திருப்பி அனுப்பப்படுவது உறுதி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கையில் பதிந்து வம்சாவளிப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்திருந்தால் வேலை சுலபம். பதியாவிட்டாலும் காலங்கடந்து பதியலாம். தகப்பன் மட்டுமல்ல, தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் 2003 திருத்தத்துக்குப் பிறகு போதும். தாயின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் முதலில் சரிசெய்துவிட்டே பிள்ளையின் விண்ணப்பத்தைக் கொடுங்கள். தாயின் பெயர் முகாம் பத்திரத்தில் ஒருவிதமும் இலங்கைப் பத்திரத்தில் இன்னொரு விதமும் இருப்பதுதான் இந்தக் கோப்புகள் நீண்டகாலம் கிடப்பதற்கு முதற்காரணம்.

1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு வேறு சிக்கல். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கிடப்பட்ட மக்கள் இவர்கள். தாத்தா இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துப் போகாமல் இருந்திருப்பார், அதை இன்றைக்கும் ஒரு குற்றம்போல் பேரப்பிள்ளையிடம் கேட்பார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதைத் தீர்த்துவைத்தது: 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள். இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தும் போகாமல் இருந்தவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அலுவலகத்தில் தயங்கினால் சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் சொல்லுங்கள். அதற்கு மேல் தாழ்ந்துபோக எந்தத் தேவையும் இல்லை.

பெயரின் எழுத்து

பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் பெயர் ஆங்கில எழுத்தில் வரும். இந்த இரண்டுக்கும் இடையில் யாரோ ஒருவர் ஒருநாள் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்: வகுப்பாசிரியர், அடையாள அட்டைப் போம் நிரப்பியவர், அல்லது புகைப்படக் கடைப் பெடியன். சிவலிங்கத்தின் 'க' வுக்கு 'ஜி' யா 'கே' யா, வசந்தனின் 'வ' வுக்கு 'வி' யா 'டபிள்யூ' வா என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழ் ஒருவிதம், அடையாள அட்டை இன்னொரு விதம் என்று இருந்தால் வீசா கேட்கும்போது தூதரகத்தில் அது பெரிதாகும்.

திருத்தம் எப்போதும் அடியிலிருந்து மேலே போக வேண்டும். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, திருமணப் பதிவு, கடைசியில் கடவுச்சீட்டு. அவசரத்தில் கடவுச்சீட்டை முதலில் ஒருவிதமாக எடுத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு மாற்றலாம் என்பது இரட்டைச் செலவு. "இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று சமாதான நீதவானிடம் எடுக்கும் சத்தியக்கடதாசி சின்ன வித்தியாசத்துக்கு உதவலாம். பிறந்த திகதியோ தகப்பன் பெயரோ மாறியிருந்தால் அது போதாது. அடையாள அட்டை இப்போது 15 வயதிலேயே எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் போமை நிரப்பும்போது பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பது பிற்காலத்துத் தலையிடி பலவற்றைத் தவிர்க்கும்.

விண்ணப்பம்

இது சுருக்கமானது. பத்திரங்கள் சரியென்றால் விண்ணப்பம் பெரிய வேலையே இல்லை. 'கே 35 ஏ' போம் தமிழிலும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு இருந்தால் அது, கணவன் பெயர் சேர்ப்பதென்றால் திருமணச் சான்றிதழ், தொழில் போடுவதென்றால் அதற்கான அத்தாட்சி, மூலப்பிரதியும் போட்டோக்கொப்பியும். புகைப்படம் திணைக்களம் அனுமதித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். படத்தை அவர்களே கணினியில் அனுப்பிவிட்டுத் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் பற்றுச்சீட்டு இதற்குச் செல்லாது. அது வேறு திணைக்களம். 2015 முதல் விரலடையாளமும் எடுக்கிறார்கள். உழைத்து ரேகை தேய்ந்த கை என்றால் இரண்டு மூன்று நாள் சீமெந்தும் கிருமிநாசினியும் படாமல், எண்ணெய் பூசி வைத்துவிட்டுப் போங்கள். கட்டணம் 2024 தொடக்கத்தில் சாதாரண சேவைக்கு 10,000 ரூபாவாகவும் ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. போகுமுன் 1962 என்ற இலக்கத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்திலும் திறந்தார்கள். கிளிநொச்சிக்காரருக்கு அது பெரிய ஆறுதல். 2023 ஜூனில் தொடங்கிய இணையவழி முறையில் வீட்டிலிருந்தே விண்ணப்பித்து, தெரிவுசெய்த பிரதேச செயலகங்களில் விரலடையாளம் வைத்து, கூரியரில் பெறவும் முடியும். தரகருக்குக் கொடுக்கும் காசு வீண்காசு. பற்றுச்சீட்டு இல்லாத எந்தப் பணமும் கட்டணம் அல்ல. இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. தமிழில் சேவை மறுத்தால் 1956.

மணமான பெண்ணுக்குக் கணவனின் அனுமதி தேவையில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இன்னும் பல வீடுகளில் கணவனின் கையெழுத்து வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரு பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள். இங்கேதான் வன்னியின் பெரிய காயம் திறபடுகிறது. பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், பிரிந்திருந்தால் பிள்ளையின் பொறுப்பு பற்றிய நீதிமன்றக் கட்டளை. காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? "மரணச் சான்றிதழ் எடுங்கோ, அலுவல் சுகமாய் முடியும்" என்று சொல்பவர்கள் உண்டு. எடுப்பதா விடுவதா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஒரு கடவுச்சீட்டுக்காக அதை யாரும் திணிக்கக்கூடாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேறு வழி ஒன்றைத் தந்தது: ஆள் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழ். அது மரணத்தை ஒப்புக்கொள்வதாகாது, தேடுதலையும் விசாரணையையும் மூடாது. இதைச் சொந்தப் பெயரில் எடுத்துவைத்திருக்கும் தாய்மாருக்கு வங்கி, காணி, பிள்ளையின் பத்திரம் எல்லாவற்றிலும் பேச ஒரு பிடி இருக்கிறது. அதையும் ஏற்க வேண்டாம் என்ற முடிவில் இருப்பவர்கள், கிராம அலுவலர் உறுதிப்படுத்தி பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கடிதத்தையும் சத்தியக்கடதாசியையும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் கொடுத்து, ஏற்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மறுப்பும் ஒரு மாதமும்

"ஐயா, என்ன காரணம் எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோ."

இந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். எழுதித் தர மறுத்தால், அன்றைக்கே வீட்டுக்கு வந்து நீங்களே எழுதுங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணி, எந்தக் கருமபீடம், என்ன பத்திரம் கொடுத்தேன், என்ன சொன்னார்கள். அதைக் கடிதமாக்கிப் பதிவுத் தபாலில் அதே அலுவலகத் தலைவருக்கு அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். இதற்குள்ளேதான் வழக்கின் உயிர் இருக்கிறது. காரணம், அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இரண்டு கிழமை அலைந்து, இரண்டு கிழமை யோசித்து, பிறகு சட்டத்தரணியிடம் போனால் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

கொழும்பு தூரம், காசும் இல்லை. அதற்கும் வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் காட்ட அதுதான் சான்று. ஆனால் முறைப்பாடு கொடுத்ததோடு ஆறி இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று தொடர்ந்து கேட்டு, அதற்கும் கடிதம் வைத்திருக்க வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம்.

மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை, கோப்பு கிடக்கிறது என்றால் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் நல்ல கருவி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே எழுதலாம். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில் வரும். "என் விண்ணப்பம் இன்ன திகதியில் கிடைத்தது, அது இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, கடைசியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, எந்தத் திகதியில், தாமதத்துக்குக் காரணமான சுற்றறிக்கையின் பிரதி" என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவருடைய உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணித்தியாலம். கிடந்த கோப்பு இந்தக் கடிதம் போனதுமே நகர்வது அடிக்கடி நடக்கும். சட்டப்படி செய்ய வேண்டியதை அதிகாரி செய்யவே மறுத்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். அதற்குச் சட்டத்தரணி வேண்டும்.

விமான நிலையத்தில் நிறுத்தினால்

புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் அதிகம் கேட்கும் கேள்வி இது. புனர்வாழ்வு முடித்தவருக்குக் கடவுச்சீட்டு எடுக்கும் உரிமை மற்றவருக்கு உள்ளதைப்போலவே உண்டு. பயணத்தடை என்று சொன்னால் மூன்றைக் கேளுங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம், கட்டளைத் திகதி. பிணை நிபந்தனையாகக் கடவுச்சீட்டை ஒப்படைத்தவர்கள், வழக்கு முடிந்ததும் அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத் தடை நீக்கக் கட்டளையும் கடவுச்சீட்டும் எடுக்க வேண்டும். விடுதலையானதும் எல்லாம் தானாக நீங்கிவிடும் என்று நம்பி விமான நிலையம்வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. கட்டளை குடிவரவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று ரிக்கற் போடுமுன் உறுதிசெய்யுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஒரு நபரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்டளையை அமைச்சர் பிறப்பிக்கலாம். அதற்கும் எழுத்து வேண்டும், காலவரை உண்டு. ஒரு கட்டளை மூன்று மாதம், நீடித்தாலும் மொத்தக் காலத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

கடவுச்சீட்டு அரசின் சொத்து. முகவரோ, வட்டிக்குக் கடன் கொடுத்தவரோ, வெளிநாட்டு முதலாளியோ அதைப் பிடித்துவைக்க முடியாது. முகவர் தர மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு. வேலைக்கு அனுப்புபவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் முறைப்பாடு. பிரதி ஒன்றைத் தொலைபேசியிலும், ஒன்றைக் காகிதத்தில் வீட்டிலும் வையுங்கள். படகில் கொண்டுபோகிறேன் என்பவரிடம் கடவுச்சீட்டையும் காசையும் சேர்த்துக் கொடுப்பவர் இரண்டையும் இழப்பார். அனுமதியில்லாத துறையால் வெளியேறுவது குடிவருவோர் குடியகல்வோர் சட்டப்படி குற்றமும்கூட.

வெளிநாட்டில் கடவுச்சீட்டு தொலைந்தாலோ, அடைக்கலக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுத் திரும்புவதென்றாலோ, அங்குள்ள இலங்கைத் தூதரகம் ஒருவழிப் பயணத்துக்கான தற்காலிக ஆவணம் தரும். பிரஜை என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்காகவே வீட்டில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் அடையாள அட்டை இலக்கமும் இருக்க வேண்டும், கேட்டதும் வைபரிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்ப ஒருவர் இருக்க வேண்டும். வந்திறங்குபவரை விசாரிக்கக்கூடும் என்று தெரிந்தால், விமான இலக்கமும் இறங்கும் நேரமும் வீட்டாருக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். குறித்த நேரத்தில் வெளியே வராவிட்டால் வீட்டார் அன்றைக்கே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அழைக்க வேண்டும். இலக்கத்தை மறுபடியும் எழுதுகிறேன்: 1996.